இரண்டாம் சீசனில் தொலைந்த தெரு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திரைக்கதை எழுதப் பழகும் ஆறு பேர் கொண்ட சிறு குழு எங்களுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் பெண், குறும்படங்களுக்கு வசனம் எழுதும் இளைஞர், ஒரு கணவன் மனைவி, அப்புறம் நான். ஆசிரியையை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒருங்கிணைக்கும் வேலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். ஒரு தொடரை எடுத்துக்கொண்டு வாரம் 2 எபிசோட் பார்ப்போம். பிறகு யாராவது ஒருவர் தான் எழுதியதை வாசிப்பார், மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள்.

இந்த ஆய்வு செவிலியர் எழுதிக்கொண்டிருந்த கதையைப் பற்றியது. பதினொரு வீடுகள் உள்ள ஒரு தெரு. கடைசி வீட்டுக்கு மனைவியை இழந்த ஒருவர் குடிவருகிறார். அந்த வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியே இருக்கிறது. முதல் வரைவில் அந்த அறையைச் சுற்றி மட்டும் 9 காட்சிகள் இருந்தன. இரவில் கதவுக்கடியில் தெரியும் வெளிச்சம், சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போகும் மனிதர், உள்ளிருந்து வரும் இருமல் என்று ஒவ்வொன்றையும் உழைத்து எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் நாங்கள் பேசியதெல்லாம் மூன்றாம் வீட்டு மாமியார் மருமகள் சண்டையைப் பற்றித்தான். பூட்டிய அறையைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. காரணத்தைச் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்தவர் வீட்டு ரகசியத்தை மையமாக வைத்த ஒரு தொடரை முழுதாகப் பார்க்கலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தோம். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2004 அக்டோபர் 3 அன்று தொடங்கி 2012 மே வரை 8 சீசன், 180 எபிசோட் ஓடிய ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ தொடரைத் தேர்ந்தெடுத்தோம். கதை நடப்பது ஃபேர்வியூ என்ற கற்பனைப் புறநகரில், விஸ்டீரியா லேன் என்ற தெருவில். அந்தத் தெருவே ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோவுக்குள் நிற்கும் ஒரு செட்தான்.

முதல் சீசனில் கண்டது

முதல் 12 வாரங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் போயின. தொடரின் தொடக்கத்திலேயே மேரி ஆலிஸ் என்ற இல்லத்தரசி தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துபோகிறாள். அதன்பிறகு கதை சொல்வது அவள் குரல்தான். துக்கம் கேட்க வரும் தோழிகள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வருகிறார்கள். லினெட் பொரித்த கோழி கொண்டுவருகிறாள், கேப்ரியல் காரமான பயேயா என்ற ஸ்பானியச் சோறு கொண்டுவருகிறாள். சூசன் எடுத்துவருவது மக்ரோனி அண்ட் சீஸ். அது அவளுக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. பிரீ கூடைகளில் மஃபின் அடுக்கி, துணி கட்டி, வாசலிலேயே கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு, கூடைகளைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறாள். தாயை இழந்த பையன் எதிரே நிற்கிறான். அந்த ஒரு வரியில் பிரீயின் ஒழுங்கு, இறுக்கம், இரக்கத்தை வெளிக்காட்டத் தெரியாத தவிப்பு எல்லாமே நமக்குப் புரிந்துவிடுகிறது.

அந்தக் காட்சியை நிறுத்தி அக்கா ஒன்று சொன்னார். “செத்தவள் நாலு பேருக்கும் தோழி. அதனால அவள் ரகசியம் நாலு வீட்டுலயும் இருக்கு.” பின்னால் எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது இந்த வாக்கியம்தான். அன்றைக்கு நாங்கள் அதைக் குறித்துக்கொண்டதோடு விட்டுவிட்டோம்.

அந்த எபிசோட் முடிவதற்குள் மேரி ஆலிஸின் துணிகளுக்குள்ளிருந்து ஒரு மிரட்டல் கடிதம் தோழிகள் கைக்குக் கிடைத்துவிடுகிறது. அதை எழுதியது அதே தெருவில் வசிக்கும் மார்த்தா ஹ்யூபர். சூசன் விரும்பும் பிளம்பர் மைக், இந்த ரகசியத்தின் இன்னொரு முனையைத் தேடித்தான் அந்தத் தெருவுக்கே வந்திருக்கிறான். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அடுத்த வீட்டுக் கதவு அசைகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான 2005 எம்மி விருதில் நான்கு கதாநாயகிகளில் மூவர் ஒரே பிரிவில் போட்டியிட்டதும், லினெட்டாக நடித்த ஃபெலிசிட்டி ஹஃப்மன் வென்றதும் இந்த சீசனுக்காகத்தான்.

இரண்டாம் சீசனில் நேர்ந்தது

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. முதல் சீசன் முடியும் தறுவாயில் பெட்டி ஆப்பிள்வைட் என்ற பெண் மகனோடு தெருவுக்குக் குடிவருகிறாள். அவள் வீட்டு நிலவறையில் ஒருவன் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடக்கிறான். அவன் அவளுடைய இன்னொரு மகன் கேலெப். பெட்டியாக நடித்தவர் ஆல்ஃப்ரே வுடார்ட், அவர் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வேடத்துக்காக அவர் எம்மிக்குப் பரிந்துரையும் செய்யப்பட்டார். ஆனாலும் அந்த நிலவறைக் காட்சி வரும்போதெல்லாம் எங்கள் அறையில் கவனம் சிதறியது. ஒருவர் கைபேசியை எடுப்பார், இன்னொருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். ஒருங்கிணைப்பாளராக இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலை நேரக் களைப்பு என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிட்டேன்.

நாலாவது வாரம் முடிந்ததும் கணவன் மனைவி இருவரும் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். “முதல் சீசன் ஆட்களை வைச்சு வேற நாலு தொடரைத் தனித்தனியா ஓட்டுறாங்க” என்றார் கணவர். கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் மறுப்பதற்கில்லை. லினெட் அலுவலகத்தில் இருக்கிறாள், பிரீ மருந்துக்கடைக்காரர் ஜார்ஜோடு பழகுகிறாள், கேப்ரியலின் கணவன் சிறையில் இருக்கிறான், சூசன் தன் காதல் குழப்பங்களில் இருக்கிறாள். நால்வரும் ஒரே சீட்டாட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கவலையை மற்றவர் கண்டுபிடிக்கிற சுகம் குறைந்துபோயிருந்தது.

இப்படித் தோன்றியது எங்களுக்கு மட்டும் அல்ல. ஒளிபரப்பான காலத்திலும் இந்த சீசன் பரவலாக விமர்சிக்கப்பட்டது. பார்வையாளர் கூட்டம் பெரிதாகவே இருந்தும், 2006 எம்மி பரிந்துரையில் நான்கு கதாநாயகிகளில் ஒருவர் பெயர்கூட இடம்பெறவில்லை. தொடரை உருவாக்கிய மார்க் செர்ரியும் சீசன் சறுக்கியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மீதி நால்வரும் உட்கார்ந்து பேசினோம். இளைஞர் நேராக மூன்றாம் சீசனுக்குப் போய்விடலாம் என்றார். தொடர் அங்கே மீண்டும் பழைய நிலைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். எனக்கும் பாதி மனது அதில்தான் இருந்தது. செவிலியர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “என் கதையும் இதே இடத்துலதான் நிக்குது. நல்லா வந்ததைப் பார்த்தா ரசிப்பேன். கெட்டதைப் பார்த்தாத்தான் என்னோடது எங்க தப்புன்னு தெரியும்” என்றார். அவருக்காகத்தானே தொடங்கினோம். சரி, முழுதாகப் பார்ப்போம் என்று முடிவானது.

பார்க்கும் விதத்தை மாற்றினோம். அக்காவின் பழைய வாக்கியத்தை எடுத்து ஒரு கேள்வியாக்கினோம்: இந்த எபிசோடில் ஒரு வீட்டில் பிறந்த பிரச்சினை வேறு யார் வீட்டு வாசல்படியை மிதித்தது? ஒரு நோட்டில் எபிசோடுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினோம். நடுவே தெருவைக் கோடாக வரைந்து, வீடுகளைக் கட்டங்களாகப் போட்டு, ஒரு வீட்டுச் சிக்கல் இன்னொரு வீட்டைத் தொட்டால் அம்புக்குறி இடுவது அக்காவின் வேலை. வேறு எதையும் குறிக்கவில்லை. நடிப்பு, ஒளிப்பதிவு, வசனம் என்று எல்லாவற்றையும் பேசத் தொடங்கினால் கவனம் மறுபடி சிதறும் என்று பயந்தேன்.

அடுத்த சில வாரங்களில் கிடைத்தது நாங்கள் எதிர்பாராதது. கேலெப் ஒருநாள் தப்பித்து வெளியே வருகிறான். கேப்ரியல் வீட்டுக்குள் நுழைகிறான். பயந்து பின்வாங்கும் அவள் மாடிப்படியில் விழுகிறாள், வயிற்றில் இருந்த குழந்தை போய்விடுகிறது. அக்கா ஆப்பிள்வைட் வீட்டிலிருந்து கேப்ரியல் வீட்டுக்குத் தடிமனாக ஓர் அம்பு போட்டார். அதுவரை கைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதே நிலவறைக் கதைதான், நடிகர்களும் எழுத்தாளர்களும்கூட அவர்களேதான். ரகசியம் அடுத்த வீட்டுப் படியேறியதும் எங்களைப் பிடித்துக்கொண்டது.

ஜார்ஜின் மரணமும் அப்படித்தான். பிரீயின் கணவனுக்கு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சாகடித்தவன் அவன். மாத்திரை விழுங்கிவிட்டு, பிரீ ஆம்புலன்ஸை அழைத்துவிட்டாள் என்று நம்பிக் கிடக்கிறான். அவள் அழைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் உயிர் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். மஃபின் கூடையைத் திருப்பிக் கேட்ட அதே பெண். செவிலியர் அந்தக் காட்சிக்குப் பிறகு நெடுநேரம் பேசவில்லை. தன் வேலையில் மரணப் படுக்கையருகே உட்கார்ந்தவர் அவர். “அவள் கை நடுங்கலை பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே இரண்டாம் சீசனை மோசம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது என்பது தெளிவானது. சிறந்த காட்சிகள் அங்கே இருந்தன, மகனைப் பிரீ சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போவது உட்பட. மையமாக வைத்த ரகசியம்தான் தெருவோடு ஒட்டவில்லை. பெட்டியின் மகன் பிரீயின் மகளோடு பழகத் தொடங்கியபோது ஒட்டத் தொடங்கியது, ஆனால் அதற்குள் நேரமாகிவிட்டது. சீசன் முடிவில் ஒரு மகன் போலீஸ் குண்டுக்கு இறக்கிறான். தாய் மற்றவனைக் கூட்டிக்கொண்டு தெருவை விட்டே போகிறாள். அவர்கள் போனதற்காக அந்தத் தெருவில் யாரும் பெரிதாகக் கலங்கவில்லை, நாங்களும் கலங்கவில்லை.

மூன்றாம் சீசன்: தொடர் தன் வழிக்குத் திரும்பியது

2006 செப்டம்பர் 24 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய மூன்றாம் சீசன், கதையை ஆறு மாதம் முன்னே தள்ளிவைத்துத் தொடங்குகிறது. எழுத்தாளர் குழுவிலும் மாற்றங்கள் நடந்திருந்தன. ‘ஃப்ரேசியர்’ நகைச்சுவைத் தொடரில் பேர் வாங்கிய ஜோ கீனன் வந்து சேர்ந்தார்.

இந்த முறை ரகசியம் வெளியூரிலிருந்து வந்து தனி வீட்டில் குடியேறவில்லை. பிரீ மணக்கப்போகும் பல் மருத்துவர் ஆர்சன்தான் ரகசியம். நிச்சயதார்த்த விருந்திலேயே அவருடைய பழைய பக்கத்து வீட்டுக்காரி கரோலின் பிக்ஸ்பி, இவர் முதல் மனைவியைக் கொன்றவர் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாள். பல்லெல்லாம் பிடுங்கப்பட்ட ஒரு பெண்ணின் பிணம் கிடைக்கிறது. முந்தைய சீசன் முடிவில் மைக்கைக் காரால் மோதிவிட்டுப் போனவரும் இதே ஆர்சன்தான். அதாவது, பிரீயின் புதுக் கணவனால்தான் சூசனின் காதலன் ஆறு மாதமாகக் கோமாவில் கிடக்கிறான். முதல் வாரம் முடிவதற்குள் நோட்டுப் பக்கத்தில் அம்புகள் ஒன்றையொன்று வெட்டின. அக்கா புதுப் பேனா கேட்டார்.

எங்கள் ஆய்வுக்கு மையமானது ஏழாவது எபிசோட். தலைப்பு ‘பேங்’, 2006 நவம்பர் 5 அன்று ஒளிபரப்பானது, எழுதியவர் ஜோ கீனன். தன் கணவன் இன்னொருத்தியோடு உறவு வைத்திருந்தான் என்று கரோலினுக்குத் தெரியவருகிறது. தெரிவித்தவள் பிரீ. கணவன் நடத்தும் சூப்பர்மார்க்கெட்டுக்குள் துப்பாக்கியோடு கரோலின் நுழைகிறாள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் லினெட், அதே தெருவில் வசிக்கும் ஈடி, சூசனின் மகள் ஜூலி, லினெட்டின் கணவனுக்கு வேறொரு உறவில் பிறந்த பெண்குழந்தையின் தாய் நோரா எல்லோரும் இருக்கிறார்கள்.

இந்த எபிசோடை மூன்று முறை பார்த்தோம். முதல் முறை பதைப்புதான் மிஞ்சியது. இரண்டாம் முறையில்தான் பின்னல் தெரிந்தது. நோராவும் லினெட்டும் கடைக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டவர்கள். பணயக்கைதியாகத் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, நோரா தன் கணவனை வளைக்கப் பார்த்தாள் என்பதை லினெட் கரோலினிடம் சொல்லிவிடுகிறாள். துரோகத்தால் வெந்துகொண்டிருக்கும் கரோலின் காதில் அது விழுந்ததும் நோராவைச் சுட்டுவிடுகிறாள். வெறுத்த பெண்ணின் தலைமாட்டில் லினெட் குனிந்திருக்கிறாள். சாகப்போகிறவள் கேட்பது ஒன்றுதான், மகளைப் பார்த்துக்கொள் என்று. லினெட் வாக்குக் கொடுக்கிறாள். தான் சொன்ன சொல்லால்தான் இவள் சாகிறாள் என்று தெரிந்தே கொடுக்கிறாள்.

பிரீ வாயிலிருந்து வந்த ஒரு செய்தி கரோலினிடம் துப்பாக்கியைக் கொடுத்தது. லினெட் வாயிலிருந்து வந்த ஒரு செய்தி அதை நோரா பக்கம் திருப்பியது. இருவருமே கெட்டவர்கள் இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பதாலேயே நமக்குத் தெரிந்துவிடுகிற விஷயங்கள் எவ்வளவு கனமானவை என்பதை இந்த எபிசோட் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் காட்டிவிடுகிறது. இறந்த மேரி ஆலிஸ் லினெட்டின் கனவில் வருவதும் இதே எபிசோடில்தான். நான் உனக்கு உதவியிருக்க முடியுமா என்று லினெட் கேட்கிற இடத்தில், தொடர் தன் முதல் காட்சியையே திரும்பத் தொட்டுவிடுகிறது. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது.

கதையில் செய்த மாற்றம்

மூன்றாம் முறை பார்க்கும்போது செவிலியர் திரையைப் பார்க்கவே இல்லை. தன் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். தன் 9 பூட்டிய அறைக் காட்சிகளுக்கும் அவரே அம்பு போட்டுப் பார்த்திருந்தார். ஒன்றுகூட வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் திருத்தி எழுதினார். அறையைச் சுற்றிய காட்சிகள் 2 ஆகச் சுருங்கின. வீட்டை முன்பு வைத்திருந்த குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது, அந்த அறையின் இன்னொரு சாவியை மூன்றாம் வீட்டு மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனதாக மாற்றினார். கிழவிக்கு அது என்ன சாவி என்பதே மறந்துவிட்டது, அரிசி டப்பாவில் கிடக்கிறது. மருமகள் அதைக் கண்டெடுக்கிறாள். எங்களுக்கு முதலிலேயே பிடித்திருந்த மாமியார் மருமகள் சண்டை இப்போது அந்தச் சாவியைப் பற்றியதாகிவிட்டது. கடைசி வீட்டுக்காரர் ஏன் மருமகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பதற்கும் காரணம் கிடைத்தது.

வாசித்து முடித்தபோது முதல் கேள்வி இளைஞரிடமிருந்து வந்தது. “அந்தச் சாவி இப்போ யார்கிட்ட இருக்கு?” செவிலியர் சிரித்துவிட்டார். முதல் வரைவை வாசித்த நாளிலிருந்து அவர் காத்திருந்த கேள்வி அது.

அதற்குப் பின்

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். தொடரும் அப்படி இல்லை. பிரீயாக நடித்த மார்சியா கிராஸ் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்ததால் படுக்கை ஓய்வில் இருக்க வேண்டியதாயிற்று. ஆர்சன் மர்மம் சீசனின் நடுப்பகுதியைத் தாண்டியதுமே முடித்துவைக்கப்பட்டு, பிரீ தேனிலவுக்கு அனுப்பப்படுகிறாள். மீதி எபிசோடுகளில் அம்புகள் மெலிந்தன. பார்வையாளர் எண்ணிக்கையும் முந்தைய சீசனை எட்டவில்லை. தொடர் பழைய தரத்துக்குத் திரும்பியபோது, விலகிப்போனவர்களில் ஒரு பகுதி திரும்பிப் பார்க்கவே இல்லை. எங்கள் குழுவிலும் அதுதான் நடந்தது. ‘பேங்’ எபிசோடைப் பார்க்கக் கூப்பிட்டபோது மனைவி மட்டும் வந்தார், அன்றிலிருந்து தொடர்ந்து வருகிறார். கணவர் வரவில்லை.

நான்காம் சீசனின் தொடக்கத்தையும் பார்த்தோம், ஒரு காரணத்துக்காக. அதில் ரகசியத்தோடு வரும் கேத்தரின் மேஃபேர், 12 ஆண்டுகளுக்கு முன் அதே தெருவில் வாழ்ந்தவள், சூசனுக்குத் தோழியாக இருந்தவள். புதியவளாக வந்த பெட்டியிடம் செய்த தவறு மறுபடி நேராமல், பழைய தோழியாகவே கொண்டுவந்துவிட்டார்கள். எழுதுகிறவர்களும் நாங்கள் போட்ட கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மறுமுறை செய்தால் மாற்றுவது

கவனம் சிதறுவதை முதல் வாரத்திலேயே பேச்சுக்கு எடுப்பேன். அறையில் கைபேசிகள் வெளியே வந்த நிமிடங்களைக் குறித்திருந்தாலே, எந்தக் காட்சி நிற்கவில்லை என்பது நோட்டு இல்லாமலே தெரிந்திருக்கும். களைப்பு என்று நானாக முடிவு கட்டியதால் ஒருவரை நிரந்தரமாக இழந்தோம்.

நோட்டை முதல் சீசனிலிருந்தே போடுவேன். நன்றாக ஓடும்போது குறித்துவைக்காததால், கெட்டபோது ஒப்பிட எங்களிடம் நினைவு மட்டுமே இருந்தது. அக்கா சொன்ன வாக்கியத்தை அன்றே கேள்வியாக மாற்றியிருந்தால் செவிலியர் பல வாரங்கள் முன்பே திருத்தத் தொடங்கியிருப்பார்.

இன்னொன்று, அம்புக்குறியை மட்டுமே நம்பியது. ஜார்ஜின் சாவில் பெரிதாக எந்த அம்பும் இல்லை. அது ஒரு பெண், ஓர் அறை, ஒரு மரணம். இருந்தும் அது இரண்டாம் சீசனின் மிகச் சிறந்த காட்சி என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. செவிலியரின் பிரதியில் நீக்கப்பட்ட 7 காட்சிகளில் ஒன்று, கடைசி வீட்டுக்காரர் பூட்டிய அறையின் வாசலில் தட்டோடு உட்கார்ந்து, உள்ளே போகத் துணிவில்லாமல், சோறு ஆறும்வரை இருந்துவிட்டு எழுந்துபோவது. அதில் எந்த அண்டை வீட்டுக்கும் அம்பு இல்லை என்று நான்தான் வெட்டச் சொன்னேன். போன வாரம் அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறேன்.